உப்புக்காற்றில் எது முதலில் உதிரும்? பொருள்களின் பண்புகளும் பாறைச் சிதைவும்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டி ஓடும் சாலையில் மூன்று பொருள்கள் ஒரே காற்றை வாங்கிக்கொண்டு நிற்கின்றன: கரையில் கொட்டியிருக்கும் கருங்கல் பாறாங்கற்கள், சாலைக்கு இந்தப் பக்கத்து வீடுகளின் செங்கல் சுவர்கள், அந்த வீடுகளின் இரும்புக் கதவுகள். எது முதலில் கெடும் என்று இங்கே வளர்ந்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் இரும்பு என்று சட்டென்று சொல்லிவிடும். அடுத்தது செங்கல், கடைசியில் கருங்கல். விடை சரிதான். காரணம் கேட்டால்தான் சிக்கல். "கருங்கல் கெட்டியானது, சார்" என்று பதில் வரும்.

அந்தக் காரணத்தை ஏற்றுக்கொண்டால் இரும்பு இடிக்கிறது. ஒரே தடிமனில் ஒரு கல் சட்டத்தையும் இரும்புக் கம்பியையும் எடுத்துத் தொங்கவிட்டு எடை கட்டினால், கல் அறுந்த பிறகும் கம்பி பல மடங்கு எடையைத் தாங்கி நிற்கும். சுத்தியலால் அடித்தால் கல் உடையும். இரும்பு வளையும், அவ்வளவுதான். இவ்வளவு உறுதியான பொருள் ஏன் முதலில் கெடுகிறது?

பள்ளியில் பொருள்களின் பண்புகள் அறிவியல் புத்தகத்தில் இருக்கின்றன. வானிலைச் சிதைவு சமூக அறிவியல் புத்தகத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் வேறு ஆசிரியர், வேறு நோட்டு. என்னைக் கேட்டால் இது ஒரே பாடம். ஒரு பொருள் எப்படிச் சிதையும் என்பதை அதன் பண்பும் அது கிடக்கும் இடமும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. கல்லை மட்டும் பார்த்துப் பயனில்லை, வானிலையை மட்டும் பார்த்தும் பயனில்லை.

கெட்டி என்றால் எந்தக் கெட்டி?

அன்றாடப் பேச்சில் 'கெட்டி' என்று ஒன்றாகச் சொல்லிவிடுவதை அறிவியல் குறைந்தது மூன்றாகப் பிரிக்கிறது. முதலாவது கடினத்தன்மை. ஒரு பொருளின் மேல் இன்னொன்றால் கீறல் போட முடிகிறதா என்பதுதான் இதன் சோதனை. ஜெர்மானியக் கனிமவியலாளர் ஃபிரெட்ரிக் மோஸ் 1812இல் 10 கனிமங்களை வரிசையாக வைத்து ஓர் அளவுகோல் செய்தார். 1இல் டால்க், 10இல் வைரம். கல்சட்டி செய்கிற மாக்கல்லில் இருப்பது பெரும்பாலும் டால்க்தான். அதை நகத்தாலேயே கீறலாம், ஏனென்றால் நகத்தின் கடினம் ஏறக்குறைய 2.5. கண்ணாடி சுமார் 5.5. நம் கருங்கல்லில் உள்ள ஃபெல்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7. சமையல் கத்தியின் எஃகு பெரும்பாலும் இவற்றுக்குக் கீழே. அதனால்தான் மழுங்கிய கத்தியை அம்மியின் ஓரத்தில் தீட்ட முடிகிறது. கல் கத்தியைத் தேய்க்கிறது; கத்தி கல்லைத் தேய்ப்பதில்லை.

அப்படியானால் அம்மி கொத்துகிறவர் எஃகு உளியை வைத்துக் கல்லில் எப்படிப் புள்ளி போடுகிறார்? இங்கே இரண்டாவது பண்பு வருகிறது: நொறுங்கும் தன்மை. உளி கல்லைக் கீறவில்லை. சட்டென்று விழும் அடியின் விசை முழுவதும் உளியின் முனையில் குவிகிறது. வளைந்துகொடுக்கத் தெரியாத கல் அந்த இடத்தில் துணுக்காகத் தெறிக்கிறது. கடினமான பொருள் எளிதில் நொறுங்குவதும் உண்டு, இரண்டும் முரண் அல்ல. கண்ணாடி டம்ளர் இதற்குத் தினசரிச் சாட்சி.

மூன்றாவது வலிமை. இதையும் அழுத்தம், இழுவை என்று இரண்டாகப் பார்க்க வேண்டும். கல்லின் மேல் எவ்வளவு சுமையை வேண்டுமானாலும் ஏற்றலாம், தாங்கும். இழுத்தால் மட்டும் தாங்காது. திருவொற்றியூர் தியாகராஜ சுவாமி கோயில் மண்டபத்துக்குப் போனால் தூண்கள் ஏன் இவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன என்று பாருங்கள். தூணுக்கும் தூணுக்கும் நடுவே கிடக்கும் கல் உத்தரம் தன் சுமையாலேயே இம்மியளவு தொய்கிறது. தொய்யும்போது அதன் மேல்பக்கம் அழுந்துகிறது, அடிப்பக்கம் இழுபடுகிறது. இழுவையில் கல் பலவீனம் என்பதால் உத்தரத்தை நீளமாக விட முடியாது. நடுவில் விரிசல் விடும். ஸ்தபதிகள் இதைச் சூத்திரமாக எழுதிப் படித்தார்களோ இல்லையோ, தூணை நெருக்கி வைத்துவிட்டார்கள்.

பண்பு பார்த்துக் கல்லைத் தேர்ந்தெடுப்பது கோயில் காலத்தில் தொடங்கியதும் அல்ல. எண்ணூரில் கடலில் கலக்கும் கொசஸ்தலையாற்றின் மேற்பகுதியில் அத்திரம்பாக்கம் என்ற ஊர் இருக்கிறது. நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் 1863இல் அங்கே கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அண்மைக்கால அகழாய்வில் கிடைத்த கைக்கோடரிகளின் வயது 10 லட்சம் ஆண்டுகளுக்கும் மேல் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. அவற்றைச் செய்தவர்கள் கையில் எடுத்த கல் பெரும்பாலும் குவார்ட்சைட், அதாவது குவார்ட்ஸ் துகள்கள் இறுகிச் சேர்ந்த பாறை. கடினமானது, அடித்தால் கூரிய விளிம்போடு சில்லாகப் பெயர்வது, தண்ணீரில் கரையாதது. கடைசிப் பண்பை அவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்தக் கோடரிகள் இன்றும் நமக்குக் கிடைப்பதற்கு அதுதான் காரணம்.

துளை இருக்கிறதா?

மேலே சொன்ன மூன்றும் புத்தகத்தில் விரிவாக வரும். சிதைவுக்கு அவற்றைவிட முக்கியமான நான்காவது பண்பு ஒரு வரியோடு முடிந்துவிடும்: நுண்துளைத்தன்மை. பொருளுக்குள் எவ்வளவு வெற்றிடம், அந்த வெற்றிடங்கள் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றனவா என்பது.

இதை வீட்டிலேயே அளந்துவிடலாம். ஒரு செங்கல்லும் ஏறக்குறைய அதே அளவு கருங்கல் துண்டும் வேண்டும். இரண்டையும் இரண்டு நாள் வெயிலில் நன்றாகக் காயவிட்டு மளிகைக் கடை டிஜிட்டல் தராசில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவிட்டு, மேலே உள்ள ஈரத்தைத் துணியால் ஒற்றிவிட்டு மீண்டும் எடை போடுங்கள். சாதாரணச் செங்கல் தன் எடையில் 20 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. 3 கிலோ செங்கல்லுக்கு 600 கிராம், அதாவது அரை லிட்டருக்கும் மேல் அனுமதி உண்டு! நல்ல கருங்கல் குடிப்பது 1 விழுக்காட்டுக்கும் கீழே. மளிகைத் தராசில் வித்தியாசம் தெரிந்தாலே பெரிய விஷயம். இந்தச் சோதனையைச் செய்து பார்த்த பிள்ளைக்குச் சிதைவுப் பாடத்தில் பாதி புரிந்த மாதிரி.

கருங்கல் ஏன் இவ்வளவு இறுக்கம்? சென்னையைச் சுற்றி உள்ள குவாரிக் கற்களில் பெரும்பகுதி சார்னோக்கைட் என்ற வகையைச் சேர்ந்தது. கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்து 1893இல் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் இந்தப் பாறைக்குப் பெயர் சூட்டினார். அந்தக் கல்லே பல்லாவரம் பக்கத்திலிருந்து போனது என்று கருதப்படுகிறது. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் மேலோட்டில் வெகு ஆழத்தில், 700 டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பத்திலும் பெரும் அழுத்தத்திலும் உருவான கல் அது. அங்கே காற்றுக்கும் தண்ணீருக்கும் இடமில்லை. கனிமத் துகள்கள் இடைவெளியே இல்லாமல் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வளர்ந்தன. செங்கல் களிமண்ணைச் சுட்டுச் செய்தது. ஈரம் வெளியேறிய வழியெல்லாம் துளையாக நின்றுவிடுகிறது.

சிதைவு வேறு, அரிப்பு வேறு

தேர்வுத்தாளில் அதிகம் குழப்பப்படும் இடம் இது. பாறை இருக்கிற இடத்திலேயே உடைவது, உதிர்வது, மக்குவது சிதைவு. உதிர்ந்ததை அலையோ ஆறோ காற்றோ தூக்கிக்கொண்டு போவது அரிப்பு. கொண்டுபோன சரக்கை வேறிடத்தில் இறக்கிவைப்பது படிவித்தல்.

வடசென்னையில் அரிப்புக்கு உதாரணம் தேட வேண்டியதே இல்லை. நம் கரையோரம் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலுக்குள் சுவர் எழுப்பித் துறைமுகம் கட்டியபோது அந்த மணல் ஓட்டத்தில் தடை விழுந்தது. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே வரவேண்டிய மணல் வரவில்லை. அலையோ எடுத்துப்போவதை நிறுத்தவில்லை. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் கரைகளைக் கடல் தின்றது. கரையோரக் கருங்கற்கள் அந்த அரிப்பைத் தடுக்கப் போட்டவை.

இங்கே கல்லின் இன்னொரு பண்பு வேலை செய்கிறது: அடர்த்தி. கருங்கல்லின் அடர்த்தி தண்ணீரைப் போல ஏறக்குறைய 2.7 மடங்கு. 1000 கிலோ பாறாங்கல்லைக் கடல்நீரில் முழுக்க மூழ்க வைத்தால் மிதப்புவிசை போக மிஞ்சும் எடை சுமார் 620 கிலோ. அலை அதைப் புரட்டச் சிரமப்படும். அதே அளவு செங்கல் கட்டடத் துண்டு தண்ணீருக்குள் பாதிக்கும் மேல் எடை இழந்துவிடும். இடிந்த கட்டடக் கழிவைக் கொட்டிக் கரையைக் காப்பாற்ற நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

நம் ஊரின் சிதைவு: உப்பு

எல்லாப் பாடநூல்களிலும் பாறை உடைவதற்கு முதல் உதாரணமாகப் பனி வந்துவிடுகிறது. விரிசலில் இறங்கிய நீர் உறையும்போது சுமார் 9 விழுக்காடு பருமனில் பெருகிப் பாறையைப் பிளக்கிறது. அறிவியலில் குறையில்லை. ஆனால் மார்கழி விடியலிலும் மின்விசிறி ஓடுகிற ஊரில் அந்தப் படத்தை மட்டும் காட்டினால், சிதைவு என்பது வேறு எங்கோ நடக்கிற சங்கதி என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிடுவார்கள். பனி செய்கிற அதே வேலையை இங்கே உப்பு செய்கிறது. குளிர்காலத்துக்காகக் காத்திராமல் ஆண்டு முழுவதும் செய்கிறது.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு. அலை உடையும்போது கிளம்பும் நுண்திவலைகளைக் காற்று ஊருக்குள் கொண்டுவருகிறது. அவை சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. நிலத்தடி நீரும் உவர்ப்பாக இருக்கும் தெருக்களில் அது அஸ்திவாரத்திலிருந்து செங்கல்லின் துளை வழியாக மேலேறுகிறது; இதைத்தான் ஓதம் ஏறுகிறது என்கிறோம். சுவருக்குள் வந்த உப்புநீர் காயும்போது நீர் மட்டும் ஆவியாகிறது. உப்பு துளைக்குள்ளேயே படிகமாகிறது. வளரும் படிகம் துளையின் சுவரை நெருக்குகிறது. ஒரு தடவையில் ஒன்றும் ஆகாது. பல நூறு தடவை நடந்தால் செங்கல்லின் முகம் மாவாக உதிர்கிறது.

அந்தப் பல நூறு தடவை எங்கிருந்து வருகிறது? தினமும் மழையா பெய்கிறது? வேண்டியதில்லை. சாப்பாட்டு உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஒப்பு ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். அதற்குக் கீழே இறங்கினால் மீண்டும் படிகமாகும். மழைக்காலத்தில் உப்பு ஜாடியில் நீர் கோத்துக்கொள்வது இதனால்தான். சென்னைக் கடலோரத்தில் இரவிலும் அதிகாலையிலும் ஈரப்பதம் பல நாட்கள் 75ஐத் தாண்டும், நண்பகல் வெயிலில் அதற்குக் கீழே இறங்கும். ஆக, சுவருக்குள் இருக்கும் உப்பு மழையே இல்லாத நாளிலும் ஒருமுறை கரைந்து ஒருமுறை படிகமாகிறது. எல்லைக்கோடு நம் ஊரின் அன்றாட ஈரப்பதத்துக்கு நடுவிலேயே போய் விழுந்திருப்பது நம் சுவர்களின் துரதிர்ஷ்டம்.

ஓதம் ஏறிய சுவரில் தரையிலிருந்து இடுப்புயரம் வரை ஒரு பட்டை உதிர்ந்திருக்கும், அதற்கு மேலே சுவர் நன்றாக இருக்கும். கவனித்திருக்கிறீர்களா? அந்தப் பட்டையின் மேல்விளிம்புதான் ஏறும் நீரும் ஆவியாகும் நீரும் சமமாகும் உயரம். உப்பு அங்கேதான் அதிகம் சேரும். அதன் மேல் கெட்டிச் சிமென்ட் பூசி மூடினால் நீர் வெளியேற வழியின்றி இன்னும் மேலே ஏறி, பூச்சுக்கு மேல் புதிய பட்டை போடும். சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடும், உப்பைத் தானே வாங்கிக்கொண்டு உதிரும், மறுபடி பூசிக்கொள்ளலாம். ராயபுரத்துப் பழைய சிறைச்சாலைச் சாலையில் மாடிப் பூங்காவாக எஞ்சியிருக்கும் 18ஆம் நூற்றாண்டுக் கோட்டைமதில் துண்டு செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டியதுதான்.

கருங்கல் உப்புக்கு முழுக்கத் தப்பிவிடுமா என்றால், இல்லை. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் சிற்பங்கள் முகம் மழுங்கிப்போனது உப்புக்காற்றாலும் அது வாரி இறைக்கும் மணலாலும். நனைத்த காகிதக்கூழைக் கல்லின் மேல் அப்பி, காயும்போது உப்பைக் கூழுக்குள் இழுத்தெடுக்கும் முறையைத் தொல்லியல் துறை அங்கே கையாள்கிறது. திருவொற்றியூரிலோ முதலாம் ராஜேந்திரன் காலத்துக் கருங்கல் கருவறை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக நிற்கிறது. அதைச் சுற்றி மதிலும் மண்டபங்களும் உண்டு. அலை அதன் மேல் வந்து அடிப்பதில்லை. ஒரே வகைக் கல், வேறு வேறு இருப்பிடம்.

இரும்பின் கதை

முதல் கேள்விக்கு இப்போது வரலாம். இரும்புக்குத் துளை இல்லை, வலிமை அபாரம். ஆனால் வேதிப்பண்பில் அது மற்ற இரண்டுக்கும் நேர் எதிர். கருங்கல்லில் உள்ள தனிமங்கள் ஏற்கெனவே ஆக்ஸிஜனோடு சேர்ந்து அடங்கிவிட்டவை. இரும்பை நாம் உலையிலிட்டு ஆக்ஸிஜனிடமிருந்து வலுக்கட்டாயமாகப் பிரித்து வைத்திருக்கிறோம். நீரும் காற்றும் கிடைத்தால் அது திரும்பப் போய்ச் சேர்ந்துகொள்ளும். உப்பு கரைந்த நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் துருப்பிடிக்கும் வேகம் கூடுகிறது.

துருவின் பருமன் அது உருவான இரும்பைப் போல 2 முதல் 6 மடங்கு வரை இருக்கும். வெளியே கதவில் பிடித்தால் செதிலாக உதிரும். கான்கிரீட்டுக்குள் பிடித்தால் விரிய இடமின்றிக் கான்கிரீட்டையே உடைக்கும். மொட்டைமாடிக் கூரையின் அடியில் சிமென்ட் பெயர்ந்து கம்பி தெரிவது இதனால்தான். நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை அதிகம், பிஎச் மதிப்பு 12க்கும் மேல். அதில் கம்பியின் மேல் ஒரு மெல்லிய ஆக்ஸைடு படலம் உருவாகித் துருவைத் தடுக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தைக் கிழிக்கிறது. கடல் மணலைக் கழுவாமல் கான்கிரீட்டில் கலக்கக் கூடாது என்பது இதனால்தான்.

கல்லுக்கு இழுவை வலிமை இல்லை என்று பார்த்தோம். கான்கிரீட்டும் அப்படியே, அதனால்தான் கம்பி தேவைப்படுகிறது. வலிமைக்காக உள்ளே வைத்த பொருளே உப்புக்காற்றில் உடைக்கும் பொருளாகிறது. கோயில் உத்தரத்துக்குள் கம்பி கிடையாது. நீளம் குறைந்தது, ஆயுள் கூடியது.

கரைவதும் மாறுவதும்

இதுவரை பார்த்த உப்பின் வேலை இயற்பியல் சிதைவு. கல் தூளானாலும் தூள் அதே பொருள்தான். இரும்பில் நடந்தது வேதிச் சிதைவு. பொருளே மாறிவிட்டது.

காற்றிலுள்ள கார்பன் டை ஆக்ஸைடு கரைவதால் சுத்தமான மழைநீருக்கே லேசான அமிலத்தன்மை உண்டு. பிஎச் சுமார் 5.6. நிலக்கரியும் எண்ணெயும் எரியும்போது வரும் கந்தக டை ஆக்ஸைடு சேர்ந்தால் அமிலம் கூடும். இதில் சுண்ணாம்பு வகைகள் கரையும். எண்ணூர்க் கரையில் ஒரு கிளிஞ்சலைப் பொறுக்கி வந்து அதன் மேல் எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைக்கும். கருங்கல் மேல் விடுங்கள். ஒன்றும் நடக்காது. எலுமிச்சை நிமிடத்தில் செய்வதை மழை பல்லாண்டுகளில் செய்கிறது.

ஆனால் கருங்கல்லிலும் ஒரு பலவீனம் இருக்கிறது: ஃபெல்ஸ்பார். அமிலம் கலந்த நீர் அதை மெல்ல மெல்லக் களிமண்ணாக மாற்றுகிறது. அதிலிருந்த கால்சியம், சோடியம், பொட்டாசியம் நீரோடு போய்விடுகின்றன. கால்சியம் ஆற்றோடு கடல் சேர்கிறது; சிப்பிகள் அதை எடுத்து ஓடு கட்டுகின்றன. பழைய சென்னையில் அந்த ஓட்டைச் சுட்டுத்தான் வீட்டுக்குச் சுண்ணாம்பு பூசினார்கள். சுவரிலிருந்த கால்சியம் எப்போதோ ஒரு மலையில் இருந்தது!

எந்தக் கனிமம் முதலில் மாறும் என்பதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. 1938இல் நிலவியலாளர் சாமுவேல் கோல்டிச் வரிசைப்படுத்தினார்: மிக அதிக வெப்பத்தில் உருவான கனிமங்கள் பூமியின் மேற்பரப்பில் சீக்கிரம் சிதைகின்றன, குவார்ட்ஸ் கடைசி வரை நிற்கிறது. சார்னோக்கைட்டில் உள்ள பைராக்ஸீன் என்ற கரும் கனிமத்தில் இரும்பு உண்டு. அது முதல் வரிசையில் சிதைந்து, பாறையின் மேல் பழுப்புக் கறையாகத் தெரியும். வெப்பமும் மழையும் நீண்ட காலம் சேர்ந்து வேலை செய்தால் மற்றவை எல்லாம் கழுவப்பட்டு இரும்பும் அலுமினியமும் மட்டும் மிஞ்சும். புழலுக்கு அப்பால் செங்குன்றத்து மண்ணின் சிவப்பு அந்த மிச்சம்தான்.

வெயில், வேர், விரிசல்

வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கிப் பாறை உடைகிறது என்று எல்லோரும் எழுதுவார்கள். 10 மீட்டர் நீளப் பாறை 30 டிகிரி சூடேறினால் நீள்வது 2 முதல் 3 மில்லிமீட்டர். டேவிட் கிரிக்ஸ் என்ற அமெரிக்கர் 1936இல் ஒரு கிரானைட் துண்டை 89,400 முறை சூடாக்கிக் குளிரவைத்தார். ஒரு நாளைக்கு ஒன்று என்று வைத்தால் 244 ஆண்டு வெயில். உலர்ந்த காற்றில் கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் தெளித்துக் குளிரவைத்தபோதுதான் சேதம் தெரிந்தது. ஆகவே விடைத்தாளில் வெப்பத்தை எழுதும்போது நீரையும் சேர்த்து எழுதுங்கள்.

உயிரினச் சிதைவை நீட்டி எழுதத் தேவையில்லை. காகம் போட்ட எச்சத்திலிருந்து கார்னிஸ் இடுக்கில் முளைக்கும் அரசங்கன்றைப் பிடுங்காமல் விட்டால் என்ன ஆகும் என்பது வண்ணாரப்பேட்டையில் பழைய வீடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். வேர் விரிசலை அகலப்படுத்துகிறது. அழுகும் இலையின் அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கிறது.

விரிசல் ஏன் இவ்வளவு ஆபத்து? காசிமேட்டில் மீன் பெட்டிக்கு ஐஸ் கட்டியை முழுதாக வைக்க மாட்டார்கள், நொறுக்கித்தான் போடுவார்கள். நொறுக்கினால் மேற்பரப்பு கூடும், மீன் சீக்கிரம் குளிரும். பாறையும் அதே கணக்குதான். 1 மீட்டர் கனசதுரக் கல்லின் மேற்பரப்பு 6 சதுர மீட்டர். அதை 10 சென்டிமீட்டர் கனசதுரங்களாக உடைத்தால் 1000 துண்டு, மேற்பரப்பு 60 சதுர மீட்டர். 1 சென்டிமீட்டராக உடைத்தால் 600. கல்லின் எடை கூடவில்லை; நீரும் உப்பும் தொடும் இடம் நூறு மடங்காகிவிட்டது. இயற்பியல் சிதைவு உடைத்துக் கொடுக்க, வேதிச் சிதைவு வேகம் பிடிக்கிறது. மூலைகளை மூன்று பக்கத்திலிருந்தும் விளிம்புகளை இரண்டு பக்கத்திலிருந்தும் தாக்குவதால் கூரிய கல் நாளடைவில் உருண்டையாகிறது. பல்லாவரம் பக்கத்துக் குன்றுகளில் வெங்காயத் தோல் போல் அடுக்கடுக்காக உரியும் உருண்டைகளைப் பார்க்கலாம்.

மணலில் ஒரு சோதனை

சிதைந்து முடிந்ததும் என்ன மிஞ்சுகிறது என்று பார்க்க எண்ணூர் நெட்டுக்குப்பம் கரையில் அலை எட்டாத இடத்திலிருந்து ஒரு கைப்பிடி மணலை எடுத்து வந்து காயவையுங்கள். பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தைப் பாலிதீன் பையில் சுற்றி மணலுக்குள் விட்டுக் கிளறினால் கருந்துகள்கள் ஒட்டிக்கொண்டு வரும். அவற்றில் நன்றாகப் பிடிப்பவை மேக்னடைட் என்ற இரும்புத் தாது. காந்தத்துக்கு அரைமனதோடு வரும் கறுப்பு பெரும்பாலும் இல்மனைட். பையைக் காந்தத்திலிருந்து உருவினால் துகள் தானே கொட்டிவிடும். பைக்குள் சுற்றச் சொன்னது அதற்காகத்தான். இல்லாவிட்டால் காந்தத்தைச் சுத்தம் செய்வதிலேயே மாலை போய்விடும்.

மிஞ்சிய மணலை வெள்ளைத்தாளில் பரப்பி லென்சால் பாருங்கள். கண்ணாடி போன்றவை குவார்ட்ஸ், இவையே அதிகம். இளஞ்சிவப்பில் தெரிபவை கார்னெட். தட்டையான வெள்ளைச் சில்லில் எலுமிச்சைச் சாறு விட்டு நுரைத்தால் அது கிளிஞ்சல். இத்தனைக்கும் நடுவே ஃபெல்ஸ்பார் சொற்பமாகவே கிடைக்கும், பைராக்ஸீன் அதைவிடக் குறைவு. ஒரு சார்னோக்கைட் துண்டில் இவை எவ்வளவு இருக்கின்றன என்று பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, குறைந்தவை எங்கே போயிருக்கும் என்று நோட்டில் எழுதி வாருங்கள்.